திருப்புவது வலப்பக்கம், திரும்புவது இடப்பக்கம்!
திரையில் சறுக்கும் கார் கற்பிக்கும் இயற்பியல்

கணிப்பொறியிலோ பிளேஸ்டேஷன் போன்ற கருவியிலோ கார் பந்தயம் ஆடியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. சாலை இடப்பக்கமாக வளைகிறது. கார் அந்த வளைவுக்குள் பாய்கிறது. அதன் மூக்கு வளைவின் உட்புறத்தை நோக்கியிருக்க, பின்பகுதி வெளிப்புறமாகச் சறுக்குகிறது. பின்சக்கரங்களிலிருந்து வெண்புகை எழுகிறது. அந்த வேளையில் முன்சக்கரங்களைச் சற்று உற்றுப் பாருங்கள். அவை வலப்பக்கம் திரும்பியிருக்கின்றன! ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பிக்கொண்டே ஒரு கார் இடப்பக்க வளைவைக் கடப்பது எப்படி?

இவ்வகை ஓட்டத்தை 'டிரிஃப்ட்' என்பார்கள். நாம் இதைச் சறுக்கல் ஓட்டம் என்று அழைப்போம். முதன்முதலில் முயல்பவரின் கார் பம்பரம்போல் சுழன்று, வந்த வழியைப் பார்த்து நிற்கும். விரல்களை இன்னும் விரைவாக இயக்கினால் கைகூடிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். எவ்வளவு விரைவாக இயக்கினாலும் கார் மீண்டும் சுழலத்தான் செய்யும். ஏனெனில், அந்த விளையாட்டுக்குள் இருப்பவை நீங்கள் வகுப்பில் படிக்கும் நியூட்டனின் விதிகளே. அவற்றைப் புரிந்துகொண்டால் காரைத் தயார் செய்வதும் எளிது. சறுக்கவிட்டு அடக்குவதும் எளிது. அந்த விதிகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

மலைப்பாதையில் வளர்ந்த கலை

சறுக்கல் ஓட்டத்தின் தாயகம் ஜப்பான். அங்கே 1970-களில் கார் பந்தயங்களில் புகழ்பெற்றிருந்தவர் குனிமிட்சு தகாஹாஷி. முன்னர் மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக விளங்கிய இவர், 1961-இல் உலக சாம்பியன்ஷிப் தொடரின் பந்தயம் ஒன்றில் வென்ற முதல் ஜப்பானியர். வளைவில் நுழையும்போதே காரைச் சறுக்கவிட்டு ஓட்டும் முறையால் இவர் பார்வையாளர்களைக் கவர்ந்தார். அவரைப் பார்த்து வியந்த இளைஞர்களுள் ஒருவர் கேயிச்சி ட்சுச்சியா. வளைந்து நெளிந்து செல்லும் மலைப்பாதைகளில் இம்முறையைப் பழகி, பின்னாளில் 'டிரிஃப்ட் கிங்' என்ற பட்டப்பெயரே பெற்றார். அவர் பெயருடன் சேர்த்துப் பேசப்படும் கார் டொயோட்டா நிறுவனத்தின் 'ஏ.இ. 86'. 1983 முதல் 1987 வரை தயாரிக்கப்பட்ட இக்கார் எடை குறைந்தது, பின்சக்கரங்களால் உந்தப்படுவது. இவ்விரு பண்புகளும் ஏன் முக்கியம் என்பது பின்னர் விளங்கும்.

2001-ஆம் ஆண்டு முதல் 'டி1 கிராண்ட் பிரீ' என்ற பெயரில் சறுக்கல் ஓட்டத்துக்கென்றே ஜப்பானில் போட்டித் தொடர் நடைபெற்றது. முதலில் வருபவர் வெல்வது என்பது இதில் இல்லை. சறுக்கும் கோணம், செல்லும் பாதை, வேகம் ஆகியவற்றைப் பார்த்து நடுவர்கள் மதிப்பெண் வழங்குவர்.

திரைக்கு வருவோம். 1997 டிசம்பரில் கசுனோரி யமவுச்சி தலைமையிலான குழு ஜப்பானில் 'கிரான் டூரிஸ்மோ' என்ற விளையாட்டை வெளியிட்டது. உண்மையான கார்களின் எடை, எஞ்சின் திறன், ஸ்பிரிங், டயர் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு ஓடும் விளையாட்டு அது. ஆட்டக்காரரே காரின் பகுதிகளை மாற்றியமைக்கலாம். இத்தொடரில் 2022-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பிலும் ஏ.இ. 86 கார் இடம்பெற்றுள்ளது. ஜப்பானின் ட்சுகுபா பந்தயப் பாதையும் அதில் உண்டு. நம் பாடத்துக்கு அந்தக் காரையும் அத்தகைய பாதையையும் மனத்தில் வைத்துக்கொள்வோம்.

ஒரு வளைவின் கணக்கு

நேராகச் செல்லும் பொருள் நேராகவே செல்ல முயலும் என்பது நியூட்டனின் முதல் விதி. எனவே கார் வளைந்து செல்ல, வளைவின் மையத்தை நோக்கி ஒரு விசை அதனை இழுத்துக்கொண்டேயிருக்க வேண்டும். இதுவே மையநோக்கு விசை.

மையநோக்கு விசை = நிறை × வேகத்தின் வர்க்கம் ÷ ஆரம்

கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல்லுக்குக் கயிறு இந்த விசையைத் தருகிறது. காருக்குக் கயிறு ஏது? சாலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நான்கு டயர்களின் உராய்வே கயிறு. ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் பரப்பு ஓர் உள்ளங்கை அளவுதான். அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான் முழுக் காரும் வளைகிறது.

உராய்வு விசையின் உச்ச அளவு, உராய்வுக் குணகத்தை எடையால் பெருக்கினால் கிடைக்கும். இதனை மையநோக்கு விசைக்குச் சமமாக்கினால் நிறை இருபுறமும் அடிபட்டுப்போகிறது. மிஞ்சுவது இதுதான்:

உச்ச வேகத்தின் வர்க்கம் = உராய்வுக் குணகம் × புவியீர்ப்பு முடுக்கம் × ஆரம்

ஆரம் 40 மீட்டர், உலர்ந்த தார்ச்சாலையின் உராய்வுக் குணகம் 1 எனக் கொள்வோம். வேகத்தின் வர்க்கம் 1 × 9.8 × 40 = 392. எனவே உச்ச வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 19.8 மீட்டர், அதாவது மணிக்கு 71 கிலோமீட்டர். மழை பெய்து குணகம் 0.5 ஆகக் குறைந்தால் உச்ச வேகம் வினாடிக்கு 14 மீட்டர். மணிக்கு 50 கிலோமீட்டர்தான். அதற்கு மேல் சென்றால் எவ்வளவு திறமையாக ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் அந்த வளைவில் நிற்காது. விளையாட்டிலும் இந்த எல்லையை யாராலும் மீற முடியாது.

டயரின் செலவுக் கணக்கு

டயருக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, காரை முன்னோக்கி உந்துவது அல்லது பிரேக் போடும்போது பின்னோக்கி இழுப்பது. மற்றொன்று, வளைவில் பக்கவாட்டில் பிடித்துக்கொள்வது. இரண்டு செலவுக்கும் பணம் ஒரே பையிலிருந்துதான் வரவேண்டும். அந்தப் பைதான் உராய்வு.

இவ்விரு விசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. எனவே இவற்றைக் கூட்டப் பிதாகரஸ் தேற்றம் உதவுகிறது. 1,000 கிலோகிராம் காரின் எடையை நான்கு டயர்களும் சமமாகத் தாங்கினால் ஒவ்வொன்றின் மீதும் ஏறத்தாழ 2,500 நியூட்டன் விழும். குணகம் 1 ஆகையால் ஒரு டயரால் தரக்கூடிய மொத்த விசையும் 2,500 நியூட்டனே. அதில் 1,500 நியூட்டனை உந்துவதற்குச் செலவழித்தால் பக்கவாட்டுக்கு மிஞ்சுவது 2,000. உந்துவிசையை 2,000 ஆக்கினால் மிஞ்சுவது 1,500. உந்துவிசை 2,400 ஆனால் மிஞ்சுவது வெறும் 700! வரைபடத்தில் குறித்தால் இப்புள்ளிகள் யாவும் ஒரே வட்டத்தின் மீது அமையும். இதனைப் பொறியாளர்கள் உராய்வு வட்டம் என்பர்.

சறுக்கல் ஓட்டத்தின் இரகசியம் இங்கேதான் இருக்கிறது. பின்சக்கரங்களால் உந்தப்படும் காரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் செலவாவது பின்டயர்களின் பிடிமானமே. முன்டயர்களின் பிடிமானம் அப்படியே இருக்கிறது. எனவே பின்பகுதி மட்டும் பிடி தளர்ந்து வெளிப்புறம் நகர்கிறது. பின்பகுதியின் பக்கவாட்டுப் பிடியைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல ஒரு திருகு, ஓட்டுநரின் வலக்காலடியில் இருக்கிறது.

சறுக்கும் டயர் செயலிழந்த டயர் அல்ல

வளைவில் செல்லும் டயர், தான் நோக்கும் திசையில் துல்லியமாகச் செல்வதில்லை. ரப்பர் வளைந்துகொடுப்பதால் நோக்கும் திசைக்கும் செல்லும் திசைக்கும் இடையே ஒரு சிறு கோணம் உண்டாகிறது. இதனை நழுவு கோணம் எனலாம். இக்கோணம் கூடக்கூடப் பக்கவாட்டு விசையும் கூடும். சாதாரண டயருக்கு ஏறத்தாழ 6 முதல் 10 பாகைக்குள் அவ்விசை உச்சத்தை அடையும். அதற்குப் பின் சிறிது சிறிதாகக் குறையும், ஆனால் சுழியாகிவிடாது. உச்சத்தைத் தாண்டிய பின்னும் விசை மிஞ்சியிருப்பதால்தான் சறுக்கும் காரையும் கட்டுப்படுத்த முடிகிறது.

இந்த ஏற்ற இறக்கத்தை ஒரு சமன்பாட்டில் அடக்க முயன்றவர்களுள் முதன்மையானவர், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பச்செய்கா. 1987-இல் அவரும் ஸ்வீடனின் வால்வோ நிறுவனப் பொறியாளர்களும் சேர்ந்து, திரிகோணமிதிச் சார்புகளைக் கொண்ட ஒரு வாய்பாட்டை வெளியிட்டனர். அடிப்படை விதிகளிலிருந்து வருவிக்கப்படாவிட்டாலும் சோதனை அளவீடுகளுடன் வியக்கத்தக்க அளவு பொருந்தியதால் அதற்கு 'மாய வாய்பாடு' என்ற பெயர் நிலைத்தது. கார் உற்பத்தியாளர்கள் இதைப் பயன்படுத்துகின்றனர். பந்தய விளையாட்டுகள் பலவும் இதையோ இதைப் போன்ற வாய்பாடுகளையோ பயன்படுத்துகின்றன. திரையில் கார் சறுக்குவது ஒரு வளைகோட்டின் உச்சியைத் தாண்டி அதன் இறக்கத்தில் நிற்பதே.

செய்து பாருங்கள்

தேவையானவை: சக்கரங்கள் நன்கு உருளும் பொம்மைக் கார் ஒன்று, ஒட்டு நாடா, வழவழப்பான நீண்ட பலகை.

பலகையின் ஒரு முனையைப் புத்தகங்களின் மீது உயர்த்தி வையுங்கள். காரின் முன்சக்கரங்கள் சுழலாதபடி ஒட்டு நாடாவால் கட்டி, மூக்கு கீழ்நோக்கியிருக்க விடுங்கள். கார் நகரவில்லையெனில் சரிவைக் கூட்டுங்கள். கார் நேராகச் சறுக்கி இறங்கும். இப்போது முன்சக்கரங்களை விடுவித்து, பின்சக்கரங்களைக் கட்டி மீண்டும் விடுங்கள். கார் பாதிவழியில் திரும்பி, பின்பகுதி முன்னால் வர இறங்குவதைக் காணலாம்.

காரணம் என்ன? உருளும் சக்கரம் பக்கவாட்டில் நகர மறுக்கும். உருளாமல் சறுக்கும் சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடி இல்லை. அம்பின் வாலில் உள்ள இறகு அம்பை நேராக வைத்திருப்பதைப்போல, பின்சக்கரங்களின் பிடியே காரை நேராக வைத்திருக்கிறது. அப்பிடி போனால் பின்பகுதி முன்பகுதியை முந்தப் பார்க்கும். விளையாட்டில் ஹேண்ட் பிரேக் பொத்தானை அழுத்தும்போது நடப்பதும் இதுவே. ஏனெனில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே நிறுத்துகிறது.

ஸ்டீயரிங் எதிர்ப்பக்கம் திரும்புவது ஏன்?

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை காணலாம். காரின் ஈர்ப்பு மையத்தை ஒரு முளையாகக் கருதுங்கள். இடப்பக்க வளைவில் முன்டயர்களின் விசை முளைக்கு முன்னே நின்று காரின் மூக்கை இடப்பக்கம் திருப்புகிறது. பின்டயர்களின் விசை முளைக்குப் பின்னே நின்று மூக்கை வலப்பக்கம் திருப்புகிறது. இவ்விரு திருப்புத்திறன்களும் சமமானால் கார் மேலும் சுழலாமல் அதே கோணத்தில் நிலைத்துச் செல்லும்.

ஆக்சிலேட்டரை அழுத்தியதும் பின்டயர்களின் பக்கவாட்டு விசை குறைந்துவிட்டது. முன்டயர்களின் கை ஓங்கிவிட்டது. இந்நிலை நீடித்தால் கார் சுழன்றுவிடும். எனவே முன்டயர்களின் விசையையும் குறைத்தாக வேண்டும். அதற்கு அவற்றின் நழுவு கோணத்தைக் குறைக்க வேண்டும். அதாவது கார் உண்மையில் செல்லும் திசையை நோக்கி அவற்றைத் திருப்ப வேண்டும்.

காரின் உடல், செல்லும் திசையிலிருந்து 30 பாகை இடப்பக்கம் திரும்பியிருக்கிறது என்று கொள்வோம். முன்சக்கரங்களை உடலிலிருந்து 25 பாகை வலப்பக்கம் திருப்பினால், சாலையைப் பொறுத்தவரை அவை இன்னும் 5 பாகை இடப்பக்கமே நோக்கியிருக்கும்! ஆக, காரின் உடலைப் பொறுத்துச் சக்கரம் வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. செல்லும் பாதையைப் பொறுத்து இடப்பக்கமே திரும்பியிருக்கிறது. இயக்கம் சார்புடையது என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இன்னொரு நுட்பமும் உண்டு. கார் 30 பாகை உட்புறம் நோக்கியிருப்பதால் பின்சக்கரங்களின் உந்துவிசையும் அத்திசையிலேயே செயல்படுகிறது. 30 பாகையின் சைன் மதிப்பு அரை. எனவே உந்துவிசையில் பாதியளவு மையநோக்கு விசையாகவும் பயன்படுகிறது. எஞ்சினே காரை வளைவுக்குள் தள்ளுகிறது எனலாம்.

எடை இடம் மாறுகிறது

பேருந்து பிரேக் போடும்போது நாம் முன்னால் சாய்கிறோம் அல்லவா? காரும் அவ்வாறே மூக்கைத் தாழ்த்துகிறது. அப்போது பின்சக்கரங்களின் மீதிருந்த சுமையின் ஒரு பகுதி முன்சக்கரங்களுக்கு மாறுகிறது.

மாறும் சுமை = நிறை × வேகக்குறைப்பு × ஈர்ப்பு மையத்தின் உயரம் ÷ முன், பின் அச்சுகளின் இடைவெளி

நிறை 1,000 கிலோகிராம், வேகக்குறைப்பு வினாடிக்கு வினாடி 5 மீட்டர், ஈர்ப்பு மையத்தின் உயரம் 0.5 மீட்டர், அச்சுகளின் இடைவெளி 2.4 மீட்டர் என்றால் மாறும் சுமை ஏறத்தாழ 1,040 நியூட்டன். பின் அச்சின் மீது முன்பு இருந்தது ஏறத்தாழ 4,900 நியூட்டன். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது! பின்டயர்களின் பிடியும் அதற்கேற்பக் குறைகிறது. வளைவின் வாயிலில் பிரேக்கைத் தொட்டுக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்பினால் பின்பகுதி எளிதில் நழுவுவது இதனால்தான்.

காரைத் தயார் செய்தல்

விளையாட்டின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் பத்திருபது அளவுகள் வரிசையாக நிற்கும். மிரள வேண்டாம். அவை அனைத்தும் கேட்பது ஒரே கேள்விதான்: முன்டயர்களுக்கு எவ்வளவு பிடி, பின்டயர்களுக்கு எவ்வளவு பிடி?

முதலில், பின்சக்கரங்களால் உந்தப்படும் காரைத் தேர்ந்தெடுங்கள். 'டிராக்ஷன் கண்ட்ரோல்' என்ற உதவியை நிறுத்திவிடுங்கள். பின்சக்கரம் சுழன்று நழுவத் தொடங்கினால் அது எஞ்சின் விசையைத் தானே குறைத்துவிடும். அது இருக்கும்வரை சறுக்கல் நீடிக்காது.

டயர்: பழகுபவர்கள் பிடி குறைந்த கடினமான டயர்களைப் போடுவது நல்லது. குறைந்த வேகத்திலேயே சறுக்கல் தொடங்குவதால் சிந்திக்க நேரம் கிடைக்கும். முன்னால் சற்றுப் பிடி மிகுந்த டயர் இருக்கலாம்.

டிஃபரன்ஷியல்: வளைவில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட நீண்ட தூரம் உருள வேண்டும். அதற்கு இடம் கொடுப்பதே டிஃபரன்ஷியல். ஆனால் வளைவில் சுமை குறைந்த உட்சக்கரம் வீணே சுழன்று விசையை விழுங்கிவிடும். ஆகவே 'லிமிடெட் ஸ்லிப்' வகையைப் பொருத்தி, ஆக்சிலேட்டரை அழுத்தும்போது அது இறுகும் அளவைக் கூட்டுங்கள். இரு பின்சக்கரங்களும் சேர்ந்தே சுழலும், சேர்ந்தே சறுக்கும்.

ஸ்பிரிங்கும் சாய்வுத் தடுப்புத் தண்டும்: இரண்டு மடங்கு சுமை ஏற்றினால் டயரின் பிடி இரண்டு மடங்காவதில்லை, சற்றுக் குறைவாகவே கூடுகிறது. எடுத்துக்காட்டாக, இரு பின்டயர்களும் ஆளுக்கு 2,500 நியூட்டன் சுமந்து மொத்தம் 5,000 நியூட்டன் பிடி தருவதாகக் கொள்வோம். வளைவில் வெளிடயருக்கு 4,000, உட்டயருக்கு 1,000 எனச் சுமை மாறினால், வெளிடயர் 3,760, உட்டயர் 1,060 எனப் பிடி தரலாம். மொத்தம் 4,820. எடை அதே, பிடி குறைந்துவிட்டது. பின்புறத் தண்டையும் ஸ்பிரிங்கையும் விறைப்பாக்கினால் இந்தச் சுமை மாற்றத்தில் பெரும்பங்கு பின் அச்சில் நிகழும். பின்பகுதி எளிதில் நழுவும். முன்புறத்தை மென்மையாக்கினாலும் விளைவு ஏறத்தாழ இதுவே.

திருப்புக் கோணம்: சாதாரணக் காரின் முன்சக்கரங்கள் 35 அல்லது 40 பாகை வரைதான் திரும்பும். கார் அதைவிட மிகுதியாகச் சாய்ந்துவிட்டால் எதிர்த்திருப்பம் போதாமல் சுழன்றுவிடும். சறுக்கல் ஓட்டக் கார்களில் இதனை 50 பாகைக்கு மேலும் உயர்த்துகிறார்கள். விளையாட்டில் அந்த வசதி இருந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

பிரேக் பங்கீடு: சற்றே பின்புறம் தள்ளி வைத்தால் நுழைவில் சறுக்கலைத் தொடங்குவது எளிது. மிகையானால் நேர்ச்சாலையிலேயே சுழல நேரிடும்.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். ஒரு முறைக்கு ஓர் அளவை மட்டும் மாற்றி, அதே வளைவில் பத்து முறை ஓட்டி, என்ன நேர்ந்தது என்பதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் விளைவுக்குக் காரணம் எது என்று எப்படிச் சொல்வது? ஆய்வுக்கூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைக்கிறோமே, அதே முறைதான் இது.

ஓட்டிப் பழகும் முறை

முதலில் அகன்ற வெற்றிடம் ஒன்றில், இரண்டாம் கியரில் வட்டமிட்டுப் பழகுங்கள். மெதுவாக வட்டமிடும்போது ஆக்சிலேட்டரைச் சட்டென்று அழுத்தினால் பின்பகுதி வெளியே நகரும். உடனே ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் விடுங்கள். இதற்குப் பின் இரண்டே விதிகள். மூக்கு மிகுதியாக உள்ளே திரும்பினால் ஆக்சிலேட்டரைச் சற்றுத் தளர்த்துங்கள். கார் நேராகப் பார்த்தால் சற்று அழுத்துங்கள்.

'சற்று' என்ற சொல்லைக் கவனியுங்கள். பயந்துபோய்க் காலை முழுவதும் எடுத்துவிட்டால் என்ன ஆகும்? பின்டயர்கள் உந்துவதற்குச் செலவழித்த பிடி முழுவதும் ஒரே கணத்தில் பக்கவாட்டுக்குத் திரும்பிவிடும். ஸ்டீயரிங் இன்னும் எதிர்ப்பக்கம் இருப்பதால், கார் மறுபுறம் வெடுக்கென்று வீசப்படும். புதியவர்களின் கார் பெரும்பாலும் முதல் சறுக்கலில் சுழல்வதில்லை. அதைத் திருத்தும் அவசரத்தில்தான் சுழல்கிறது.

இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். உலர்ந்த தார்ப்பாதையில் சறுக்கிச் செல்வது, சறுக்காமல் செல்வதைவிட வேகமானதல்ல. டயரின் விசை உச்சத்தைத் தாண்டிக் குறைந்த நிலையில்தான் கார் ஓடுகிறது. சறுக்கல் ஓட்டத்தின் பெருமை கட்டுப்பாட்டில் இருக்கிறது.

கணிப்பொறி செய்வது என்ன?

நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது கணிப்பொறி இடைவிடாமல் வீட்டுக்கணக்கு செய்கிறது. ஒவ்வொரு டயரின் சுமை என்ன? நழுவு கோணம் என்ன? அதற்குரிய விசை என்ன? நான்கு விசைகளையும் கூட்டி, நிறையால் வகுத்து முடுக்கத்தைக் காண்கிறது. முடுக்கத்தால் வேகத்தையும், வேகத்தால் இடத்தையும் மாற்றுகிறது. பிறகு மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது.

திரையில் வினாடிக்கு 60 படங்கள் தோன்றுவதாகக் கொண்டால், வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 33 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். டயரின் விசையோ அதற்குள் பலமுறை மாறக்கூடியது. எனவே துல்லியத்தை நாடும் விளையாட்டுகள் வினாடிக்குச் சில நூறு முறை இக்கணக்கைச் செய்கின்றன. விரைவாக ஆடி மகிழ்வதற்கென்றே அமைந்த விளையாட்டுகளில் இக்கணக்கைச் சுருக்கி, கார் எளிதில் சறுக்கி எளிதில் நிமிருமாறு விதிகளை வளைத்துவிடுவர். நீங்கள் ஆடும் விளையாட்டு எவ்வகை என்று அறிய ஒரு சோதனை: ஒரு வட்டத்தின் ஆரத்தையும் சறுக்கல் தொடங்கும் வேகத்தையும் குறித்து, மேலே கண்ட வாய்பாட்டில் இட்டுப் பாருங்கள். வெவ்வேறு ஆரங்களுக்கும் உராய்வுக் குணகம் ஏறத்தாழ ஒன்றாகவே வந்தால், அந்த விளையாட்டு இயற்பியலை மதிக்கிறது!

திரைக்கு வெளியே

திரையில் உராய்வுக் குணகம் கணிப்பொறி அறிந்த ஓர் எண். சாலையில் அது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. சிந்திய எண்ணெய், சிதறிய மணல், முதல் மழையில் குழைந்த தூசு ஆகியவை ஒரு மீட்டருக்குள் அதைப் பாதியாக்கிவிடும். திரையில் சுழன்ற காரை ஒரு பொத்தானால் மீண்டும் தொடக்கத்தில் நிறுத்தலாம். சாலையில் அந்தப் பொத்தான் இல்லை. எதிரே வருபவர்களுக்கும் இல்லை. ஆகவேதான் இக்கலை மலைப்பாதைகளை விட்டு, மூடிய பந்தயப் பாதைகளுக்குச் சென்றது.

சறுக்கலை விளைவிக்கும் இதே அறிவு சறுக்கலைத் தடுக்கவும் பயன்படுகிறது. 1995-இல் பாஷ் நிறுவனமும் மெர்சிடஸ் பென்ஸ் நிறுவனமும் சேர்ந்து, நிலைப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒன்றைக் காரில் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தன. ஓட்டுநர் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பியிருக்கிறார், கார் உண்மையில் எவ்வளவு சுழல்கிறது என்ற இரண்டையும் அது இடைவிடாமல் ஒப்பிடுகிறது. இரண்டும் பொருந்தாவிட்டால் தேவையான ஒரு சக்கரத்துக்கு மட்டும் தானே பிரேக் போட்டு, எதிர்த் திருப்புத்திறனை உண்டாக்கிக் காரை நிமிர்த்துகிறது. பின்பகுதி நழுவும்போது திரைமுன் அமர்ந்து நீங்கள் அவசர அவசரமாகத் தேடும் அதே சமநிலையை, அது கண் இமைக்கும் நேரத்துக்குள் கண்டுபிடிக்கிறது. அத்தகைய அமைப்புகளை வடிவமைக்கும் பொறியாளர்களும் தங்கள் முயற்சிகளை முதலில் சோதித்துப் பார்ப்பது கணிப்பொறித் திரையில்தான்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. வளைவின் ஆரம் 90 மீட்டர். ஈரச்சாலையின் உராய்வுக் குணகம் 0.5. சறுக்காமல் செல்லக்கூடிய உச்ச வேகம் என்ன?

2. ஒரு டயரின் மொத்தப் பிடி 2,600 நியூட்டன். அதில் 2,400 நியூட்டன் உந்துவதற்குச் செலவானால் பக்கவாட்டுக்கு மிஞ்சுவது எவ்வளவு?

3. முன்சக்கரங்களால் உந்தப்படும் காரில் வளைவின் நடுவே ஆக்சிலேட்டரை மிகுதியாக அழுத்தினால் என்ன நேரும்?

விடைகள்: (1) வினாடிக்கு 21 மீட்டர், மணிக்கு ஏறத்தாழ 76 கிலோமீட்டர். (2) 1,000 நியூட்டன். (3) முன்டயர்களின் பிடி செலவாகிவிடுவதால் மூக்கு வளைவுக்கு வெளியே செல்லும்; பின்பகுதி நழுவாது. ஆகவே அக்காரில் ஆக்சிலேட்டரால் சறுக்கலை நீட்டிக்க முடியாது.